பொது டிஷ்ஷில் இலவச சேனல் வருமா? மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கும்பகோணத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு, பன்னிரண்டு வீடுகள். கட்டிக்கொடுத்தவரே மொட்டை மாடியில் ஒரு பொது டிஷ் வைத்து, ஒவ்வொரு வீட்டு ஹாலுக்கும் ஒயர் இறக்கிச் சுவரில் சாக்கெட் போட்டிருக்கிறார். எதிர் வீட்டில் கட்டண டி.டி.எச். பெட்டி அதில் நன்றாக ஓடுகிறது. வலங்கைமானிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பாவுக்காக நீங்கள் தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்றை வாங்கி அதே சாக்கெட்டில் செருகினால் 'நோ சிக்னல்'. பெட்டி கெட்டதா, ஒயர் கெட்டதா, இல்லை இலவசம் என்று சொல்வதே ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் இல்லை. பெரும்பாலும் உங்கள் டிஷ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பல வருஷம் கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் டிஷ் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: பத்தில் ஏழெட்டு பேர் பெட்டியை வாங்கிவிட்டுத்தான் மாடிக்கு ஏறுகிறார்கள். ஏறிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். சுவரில் இருக்கிற சாக்கெட் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதன் பின்னால் என்ன வருகிறது என்று அது சொல்லாது. சில குடியிருப்புகளில் அது சாட்டிலைட் ஒயரே இல்லை, தெருக் கேபிள்காரர் இழுத்த ஒயர். அதில் ஃப்ரீ டிஷ் பெட்டியைச் செருகி நாள் பூராவும் ஸ்கேன் ஓட்டினாலும் ஒன்றும் வராது. உங்கள் எதிர் வீட்டில் டி.டி.எச். பெட்டி ஓடுவதால் அந்தச் சந்தேகம் இல்லை.

சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்றில் குடியிருக்கிறது. டாடா ப்ளே 83 பாகைக் கிழக்கில், டிஷ் டிவி 95-இல், ஏர்டெல் 108.2-இல். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 93.5-இல் இருக்கும் ஜிசாட்-15-இலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவினார்கள். அதற்கு முன்னால் அதே இடத்தில் இன்சாட்-4பி இருந்தது. 83-க்கும் 93.5-க்கும் நம் ஊரிலிருந்து பார்த்தால் வானத்தில் எவ்வளவு தூரம்? கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி அகலம், அதற்கு மேல் கொஞ்சம். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு 60 செ.மீ. டிஷ் நன்றாகப் பிடிப்பதே சுமார் 3 பாகை அகலத்தைத்தான், முஷ்டி அகலம் விலகினால் அதற்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் முதல் வேலை, மாடிக்குப் போய் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதியிலிருந்து ஜிசாட்-15 வடக்கிலிருந்து கணக்கிட்டால் 126 பாகையில் இருக்கிறது. வாஸ்து பார்க்கிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும், அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு, அதிலிருந்து கொஞ்சம் கிழக்கே. உயரம் 69 பாகை, அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. தட்டைப் பார்த்தால் அவ்வளவு மல்லாந்த மாதிரி தெரியாது, பாதிச் சாய்வாகத்தான் இருக்கும். நம் ஊர் டிஷ்களின் எல்.என்.பி., அதாவது தட்டு குவிக்கிற சிக்னலை வாங்கி ஒயரில் இறக்கும் கருவி, நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கக் கொம்பில் இருப்பதால், தட்டு நேராகப் பார்ப்பதாகத் தோன்றும் இடத்தை விட 25 பாகை போல மேலே பார்க்கிறது. போன் திசைகாட்டியை வைத்துப் பார்க்கிறவர்கள் கம்பி கட்டிய தூண், தண்ணீர்த் தொட்டி இதற்கெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் கண்டபடி காட்டும்.

போனை விட எனக்குப் பிடித்த வழி வெயில்தான். மார்ச் 15, 16 வாக்கில் காலை பதினொன்றே கால் மணிக்கும், செப்டம்பர் 27, 28 வாக்கில் பதினொன்றுக்குச் சற்று முன்னாலும், சூரியன் சரியாக அந்த சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் மேல் ஏதாவது நிழல் விழுந்தால் அந்தப் பொருள்தான் சிக்னலை மறைக்கிறது. நிழல் இல்லையென்றால் வழி சுத்தம். அந்தச் சில நாட்களில் அதே நேரத்தில் சில நிமிஷம் படம் உறைந்து போகும், சூரியனின் இரைச்சல் எல்.என்.பி.க்குள் போய்விடுவதால். "தம்பி, டிவி போச்சு" என்று போன் வரும், நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தானாக வந்திருக்கும், வந்ததற்கு ஒரு காபி மட்டும் கிடைக்கும்.

69 பாகை உயரம் என்பதில் நமக்கு ஒரு லாபம். பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கிறது என்று நிறைய பேர் சண்டைக்குப் போகிறார்கள். கணக்குப் போட்டால் டிஷ்ஷை விட பத்தடி உயரமான பொருள் நாலடிக்குள் இருந்தால்தான் மறைக்க முடியும். பெரும்பாலும் குற்றவாளி உங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிதான்.

இன்னொரு நல்ல செய்தி. சன் டைரக்டும் ஜிசாட்-15-ஐப் பயன்படுத்துகிறது. டெல்டாவில் எந்த மொட்டை மாடிக்குப் போனாலும் சந்தா கட்டாமல் விட்ட ஒரு பழைய டிஷ் துணிக்கொடி கட்டப் பயன்பட்டுக்கொண்டிருக்கும். அது சன் டைரக்ட் டிஷ்ஷாக இருந்தால் ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஏறக்குறைய தயார். ஏன் ஏறக்குறைய என்கிறேன் என்றால், 2010 ஜூலையில் இன்சாட்-4பி-க்கு மின்சாரக் கோளாறு வந்து அதில் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதிலிருந்த சன் டைரக்ட், 91.5-இல் இருந்த மீசாட்-3 சாட்டிலைட்டுக்கு இடம் மாறியது. அந்தக் காலத்தில் திருப்பி வைத்த டிஷ்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. இரண்டு பாகைதான் வித்தியாசம். பின்பக்க நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கிழக்கே ஒரு நூல் நகர்த்தி, வீட்டுக்குள் ஒருவர் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்தினால் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் வேதாரண்யம் பக்கம் மூங்கில் மேல் ஆன்டெனாவைத் திருப்பி இலங்கை ரூபவாஹினி பிடித்த தலைமுறைக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

திருப்பும்போது பெட்டியில் இரண்டு கோடுகள் தெரியும், ஸ்ட்ரென்த், குவாலிட்டி என்று. முதல் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே அது ஏறி நிற்கும், டிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறி நிற்கும். குவாலிட்டி ஏறினால்தான் சரியான சாட்டிலைட்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்: ஒரு டிஷ்ஷைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வது. இங்கேதான் நிறைய பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

சாட்டிலைட் அலைகள் இரண்டு துருவமாக வருகின்றன, செங்குத்து ஒன்று, கிடை ஒன்று. உங்கள் பெட்டி எந்த சேனல் கேட்கிறதோ அதற்கேற்ப ஒயர் வழியாக மேலே 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. 13 வந்தால் எல்.என்.பி. செங்குத்தைக் கொடுக்கும், 18 வந்தால் கிடையை. அலைவரிசைகளில் மேல் பகுதி, அதாவது மேல் பட்டை, வேண்டுமானால் கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சத்தம் ஒன்றையும் அனுப்பும். ஆக ஒயர் வெறும் சிக்னல் இறங்கும் குழாய் இல்லை, உங்கள் பெட்டியின் உத்தரவும் அதில்தான் மேலே ஏறுகிறது. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவு போட்டால் என்ன ஆகும்?

மயிலாடுதுறையில் நாலு வீட்டுக் கட்டடம் ஒன்றில் நேரிலேயே பார்த்தேன். ராத்திரி எட்டு மணிக்குக் கீழ் வீட்டு மாமி சீரியல் வைத்தால் மேல் வீட்டு சாருக்குச் செய்தி போய்விடும். மாமி விளம்பரத்தில் வேறு சேனல் திருப்பினால் செய்தி வந்துவிடும், சீரியல் ஆரம்பித்ததும் மறுபடி போய்விடும். ஆறு மாசம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, மாமி வேண்டுமென்றே ஏதோ ஒயரைப் பிடுங்குகிறார் என்று சார் நம்பிக்கொண்டிருந்தார். மாடியில் போய்ப் பார்த்தால், யாரோ ஒருவர் ஒற்றை எல்.என்.பி.யிலிருந்து ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டு வீட்டுக்கும் பிரித்துவிட்டிருக்கிறார். மாமியின் சீரியல் 18 வோல்ட் பக்கம், சாரின் செய்தி 13 பக்கம். இரண்டு வோல்டேஜ் மோதினால் பெரியதுதான் ஜெயிக்கும். இரட்டை எல்.என்.பி. ஒன்று மாற்றி ஆளுக்கு ஒரு ஒயர் கொடுத்தேன், அரை மணி நேர வேலை.

பன்னிரண்டு வீட்டுக்கு இந்தச் சண்டை வராமல் இருக்க வைப்பதுதான் மல்டிஸ்விட்ச். நாலு வாய் உள்ள குவாட்ரோ எல்.என்.பி., இரண்டு துருவம், இரண்டு பட்டை ஆக நாலையும் தனித்தனியாக எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். மல்டிஸ்விட்ச் நடுவில் உட்கார்ந்து, எந்த வீட்டுப் பெட்டி எதைக் கேட்கிறதோ அதை அந்த வீட்டுக்கு மட்டும் திருப்பிவிடும். உங்கள் மாடியிலோ படிக்கட்டு ஓரத்திலோ ஒரு தகரப் பெட்டிக்குள் நிறைய ஒயர் போய் வருகிற கருவி இருக்கும், திறந்து பாருங்கள், அதுதான். இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு: குவாட் வேறு, குவாட்ரோ வேறு. குவாட் எல்.என்.பி.க்குள்ளேயே ஸ்விட்ச் இருக்கிறது, நாலு வீட்டுக்கு நேராகக் கொடுக்கலாம். குவாட்ரோவை மல்டிஸ்விட்ச் இல்லாமல் வீட்டுக்கு இழுத்தால் கால்வாசி சேனல்தான் வரும். கடையில் 'நாலு அவுட்' என்று கேட்டால் கைக்கு எது அகப்படுகிறதோ அதைத் தருவார்கள், பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

ஃப்ரீ டிஷ் மட்டும் போதும் என்றால் கதை இன்னும் சுலபமாகலாம். அது முழுக்கக் கீழ்ப்பட்டையில், 11,700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வருகிறது, அதனால் 22 கிலோஹெர்ட்ஸ் தகராறு இல்லை. பெட்டியின் ட்யூனிங் பக்கத்தில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் பக்கத்தில் துருவம் போட்டிருக்கும். நீங்கள் பார்க்கப்போகிற சேனல்கள் எல்லாம் ஒரே துருவமாக இருந்தால் எல்லா பெட்டியும் ஒரே உத்தரவைத்தான் போடும், மோதல் வராது, சாட்டிலைட்டுக்கான ஸ்ப்ளிட்டரே போதும். சாட்டிலைட்டுக்கான என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரில் 5 - 1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். எல்.என்.பி. கீழே அனுப்புவது 950 முதல் 2150 வரை. வோல்டேஜும் அதன் வழியாக மேலே போகாது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழு நாள் போகும்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: பொது டிஷ்ஷைத் தொடாதீர்கள். அதைத் திருப்பினால் எதிர் வீட்டுக்குப் படம் போய்விடும், நல்லது செய்யப் போய் மாமி கதை ஆகிவிடும். நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் தனியாக ஒரு 60 செ.மீ. டிஷ், தனி ஒயர், விஷயம் முடிந்தது. நாலைந்து வீடு சேர்ந்தால் 90 செ.மீ. டிஷ் ஒன்று வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இருக்கிற சாக்கெட்டிலேயே இரண்டு சாட்டிலைட்டும் வர வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தால் இரண்டு டிஷ், இரண்டு குவாட்ரோ, ஒன்பது உள்வாய் உள்ள மல்டிஸ்விட்ச், அப்புறம் எந்த டிஷ் வேண்டும் என்று பெட்டி சொல்வதற்கு அதில் டைசெக் அமைப்பு. முடியும், ஆனால் பன்னிரண்டு வீட்டில் எட்டு வீடாவது கேட்டால்தான் செலவு கட்டுப்படியாகும்.

ஒயருக்கு ஆர்ஜி-6 போடுங்கள், ஆனால் அதிலும் சிக்னல் தேயும் என்று தெரிந்து போடுங்கள். நூறு மீட்டர் ஓடினால் 1000 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபல் போகும், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2000-க்கு மேல் 30 டெசிபல், ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று மாடிக்கு முப்பது மீட்டர் போதும், பயமில்லை. நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதுதான் பயம். ஒயர் நுனியில் திருகுகிற எஃப் கனெக்டர் போடும்போது வெளிப்பின்னலின் ஒரு முடி நடுக்கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். நாகை, காரைக்கால் பக்கம் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. ஒரே மழைக்காலத்தில் கனெக்டருக்குள் களிம்பு பிடித்து, கழற்றினால் நடுக்கம்பி துருத்தூளாகக் கையோடு வந்துவிடும். ரப்பர் உறை போடுங்கள், ஒயர் எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும், கருவிக்குள் ஏறாது.

ஐப்பசி அடைமழையில் படம் போவதற்கு மருந்து இல்லை, இந்த அலைவரிசைக்கு மழைத்துளி ஆகாது. 90 செ.மீ. டிஷ் வைத்தால் போகிற நேரம் குறையும். பூஸ்டர் வாங்கிப் போடச் சொல்வார்கள், வேண்டாம். அது இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

இவ்வளவும் செய்து என்ன வரும்? நேராகச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. டிடி தமிழ் வரும், 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததுதான். தூர்தர்ஷனின் மற்ற சேனல்கள், வானொலி, ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள் எல்லாம் வரும். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் அதில் ஐ.ஐ.டி. நுழைவுக்கான பாடங்கள் ஓடும் சேனல்களைப் பாருங்கள், மோசமில்லை. தனியார் சேனல்கள் இடத்தை ஏலத்தில் எடுத்து வருகின்றன, எடுப்பவர்களில் பெரும்பாலும் இந்திக்காரர்கள். சன், விஜய் மாதிரி கட்டணச் சேனல்கள் இதில் கிடையாது. அப்பா அந்தக் காலத்து 'வயலும் வாழ்வும்' நினைப்பில் டிடி கிசான் கேட்டால் அதில் பெரும்பாலும் இந்தியில்தான் பேசுவார்கள், குறுவைக்கு எப்போது நாற்று விடுவது என்று அதில் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் அம்மா சீரியலுக்கு இருக்கிற கேபிளை வெட்டிவிடாதீர்கள், இது இரண்டாவது டிவிக்கு.

இலவச சேனல் என்பதிலும் ஒரு சூட்சுமம். எதிர் வீட்டுக் கட்டணப் பெட்டியிலும் இலவச சேனல்கள் வரத்தான் செய்கின்றன, ஆனால் 2019 முதல் அதற்கு மாதம் 130 ரூபாயும் வரியும் கட்டமைப்புக் கட்டணமாக வைத்தார்கள், பிற்பாடு 2024-இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஃப்ரீ டிஷ்ஷில் மாதச் சந்தாவே இல்லை, பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு தடவை கொடுப்பதோடு சரி. புது டிவி வாங்கியிருந்தால் பின்னால் ஒயர் திருகுகிற வாய்க்குப் பக்கத்தில் சாட்டிலைட் என்று இருக்கிறதா பாருங்கள், உள்ளேயே ட்யூனர் இருக்கிற மாடல்களுக்குத் தனிப் பெட்டிகூடத் தேவையில்லாமல் போகலாம். அரசு கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு மூன்று நிற ஒயர் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எதிர் வீட்டுக் கட்டண இணைப்பையே பெட்டிக்குப் பின்னால் பிரித்து நாலு வீடு பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது ஒப்பந்தத்தை மீறுவது. அதேபோல ஃப்ரீ டிஷ்ஷை ஊருக்குப் பிரித்துக் கொடுத்து மாதக் காசு வசூலித்தால் அது கேபிள் தொழில், 1995 சட்டப்படி பதிவு வேண்டும். டிஷ் செலவைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் கேட்கும்போது டிஷ்ஷை எங்கே, எப்படி நிறுத்தப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் சண்டை வருவது அதில்தான். மாடித் தளத்தில் ஓட்டை போடவே கூடாது. தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்தால் அடுத்த மழைக்கு மேல் வீட்டுக்காரர் படுக்கையறையில் ஒழுகும். கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் அடியுங்கள், இல்லையென்றால் கனமான சிமென்ட் பலகையில் ஸ்டாண்டைப் பதித்து வையுங்கள். வெறும் நாலு செங்கல்லை வைத்து நிறுத்தியவர்களின் டிஷ்கள் 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கே போயின என்று வேதாரண்யம் பக்கத்தில் கேளுங்கள். நான் ஒன்றை வாய்க்காலில் மல்லாந்து கிடக்கையில் எடுத்தேன், தவளை குடியிருந்தது, எல்.என்.பி. மட்டும் நன்றாக இருந்தது. அப்புறம் டிஷ் தண்டிலிருந்து எர்த் ஒயர் ஒன்று இறக்கிவிடுங்கள். பொது டிஷ்ஷில் பக்கத்தில் இடி விழுந்தால் ஒரு வீட்டுப் பெட்டியோடு போகாது, பன்னிரண்டும் போகும்.

நாளைக்கு மாடிக்கு ஏறும்போது தகரப் பெட்டியைத் திறக்க ஸ்பேனர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், எல்.என்.பி. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கருவியின் முகப்பையும் போட்டோ எடுத்து வையுங்கள், கடைக்காரரிடம் வாயால் விளக்குவதை விட அது மேல். எல்லாம் சரியாகி ஓட ஆரம்பித்த பிறகு, ஏலத்தில் எடுத்த சேனல்களின் இடம் வருஷா வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். அன்றைக்கு அப்பா "நேத்து வந்த சேனலைக் காணோம்டா" என்று கூப்பிட்டால் மாடிக்கு ஓடாதீர்கள், ரிமோட்டில் ஆட்டோ ஸ்கேன் ஒரு தடவை ஓட்டுங்கள்.